கழுத்திலை கட்டி

"எங்கை, ஒருக்கால் நிமிந்து காட்டு பாப்பம்."

மாமியார் செல்வநாயகி, குணலட்சுமியின் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கழுத்தில் ஒன்றும் இல்லை.

இருக்கவும் முடியாது. காலையில் யாழ்ப்பாணம் திருநெல்வேலி கிளினிக்கில் டொக்டரம்மா சொன்னது கருப்பைக் கழுத்து. "சின்ன நீர்க்கட்டி. கனபேருக்கு வாறது. ஒண்டும் செய்யத் தேவையில்லை. நோவெடுத்தால், மாதவிலக்குக்கு இடையிலை இரத்தம் பட்டால் மட்டும் வாங்கோ."

கொடிகாமத்து வீட்டில் மாமனாரும் கணவர் பஞ்சலிங்கமும் முன்னால் இருந்தார்கள். குணலட்சுமிக்குச் சொல்லின் பின்பாதிதான் வாயில் வந்தது. "கழுத்திலை கட்டியாம்."

"ஒண்டையும் காணேல்லையே?" என்றார் மாமி.

"வெளியிலை தெரியாது மாமி. உள்ளுக்கை."

"உள்கட்டியோ! உதுதான் ஆளைக் கொல்லுறது."

பின்னேரமே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியாயிற்று. இரவெல்லாம் அரித்தது. சொறிந்தாள். விடியக் கழுத்து சிவந்து தடித்திருந்தது.

"பாத்தியே, வெளியிலை வருது," என்றார் மாமி திருப்தியாக.

மூன்றாம் நாள் கிணற்றடியில் பஞ்சலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சாரும், நோவு ஏதும் இருக்கோ?"

"இல்லை."

"இடையிலை... இரத்தம் கிரத்தம் படுறதோ?"

"கழுத்திலையோ?"

"ஓம், ஓம். கழுத்திலை." அவர் வாளியைப் பார்த்தபடி நின்றார்.

மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனாலும் பெண்ணின் உடம்பு கழுத்தோடு முடிந்துவிடுகிறது என்று நினைக்கிற மனிதர். இவரிடம் எப்படிச் சொல்வது? குணலட்சுமி தண்ணீரை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமி நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி தியாகலிங்கத்தைக் கூட்டி வந்தார். அவர் கண்ணை மூடிக் கழுத்தைத் தடவினார். நெடுநேரம் தடவினார். இல்லை என்று சொல்ல அவருடைய பெயர் இடம் கொடுக்கவில்லை.

"இருக்கு. நெல்லிக்காயளவு. நாளைக்குக் கீறி எடுப்பம்."

குணலட்சுமி எச்சிலை விழுங்கினாள்.

"பாத்தியளே, விழுங்கக் கஷ்டப்படுறா," என்றார் பரியாரி.

"நாளைக்கு அட்டமி," என்றார் பஞ்சலிங்கம் அவசரமாக. பஞ்சாங்கத்தைத் தொட்டும் பார்க்காதவர். "செவ்வாய்க்கிழமை பாப்பம். அதுக்குள்ளை நீர் டொக்டரிட்டை ஒருக்கால் போட்டு வாருமன்."

மறுநாள் குணலட்சுமி கழுத்தில் சுற்றிய துணிக்கட்டோடு கிளினிக்குக்குப் போனாள். டொக்டரம்மா இன்னும் வரவில்லை. வாசலில் நேர்ஸ் றோஸ் நோயாளிகளுக்கு நம்பர் துண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்ஸி, எனக்குக் கழுத்திலை கட்டி இல்லையெண்டு டொக்டர் ஒரு கடிதம் தருவாவோ? நாளைக்கு வெட்டப் போயினம். எங்கடை இவருக்கு உதுகள் ஒண்டும் விளங்காது."

றோஸ் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவருக்கோ? நீங்கள் வந்துபோன அடுத்த நாளே கொடிகாமத்திலை இருந்து இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்து, எதுக்கெதுக்குப் பயப்பிடோணும் எண்டு கேட்டு எழுதிக்கொண்டு போனவரே! 'எந்தக் கழுத்தெண்டு எனக்குத் தெரியுமெண்டு மட்டும் அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ்ஸி, வெக்கத்திலை செத்துப்போவா' எண்டவர்."