கொழுந்து மாடியில் வாடிய கல்யாண கேக்

வேலையை விடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சத்தமில்லாமல் விட்டுவிட்டு, சரிவராவிட்டால் சத்தமில்லாமலே திரும்பிப் போகிறவர்கள் ஒரு வகை. நான் மற்ற வகை. பதுளையில் ஒரு துணிக்கடையில் ஐந்து வருஷம் சேலை மடித்துக்கொண்டிருந்தவள், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடை நிறைய ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, "நான் இனிமே வரமாட்டேன் முதலாளி, கல்யாண கேக் செய்யப் போறேன்" என்று அறிவித்தேன். (ஏதோ சந்திரனுக்குப் போகிற மாதிரி.) முதலாளி என்னை ஒரு தரம் பார்த்தார். "நல்லது புள்ள. கையில உள்ள துணிய அளந்து குடுத்துட்டுப் போங்க, அந்தம்மா காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஃபரீனா மிஸ் என்ற ஒருவரிடம் ஞாயிறுகளில் கேக் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். சீனியை அரைத்து, முட்டை வெள்ளையோடு அடித்து, அதில் ரோஜா இதழ் செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவர். முதல் ரோஜா என் விரலில் மலர்ந்த அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார். கடையை விடப் போகிறேன் என்றபோது ஃபரீனா மிஸ் மட்டும், "ஆசைப்படுங்க புள்ள, ஆனா ஐசிங் காயுமுன்னம் கை வைக்க வாணாம்" என்றார். அவர் ஐசிங்கைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறுகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. (தோட்டத்தின் பெயர் வேண்டாம். இதில் வருகிற டீமேக்கர் ஐயா இன்னும் நல்ல சுகத்தோடு இருக்கிறார்.) அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா வேலாயுதத்துக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதன் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்றை ஊதி வாட்டுவார்கள். அந்த மாடிதான் முப்பத்தொரு வருஷமாக அப்பாவின் ராஜ்யம். கொழுந்தை ஒரு பிடி அள்ளி, கசக்கி, மூக்கில் வைத்து, "இன்னும் ஒரு மணித்தியாலம்" என்றால் ஒரு மணித்தியாலம்தான். இத்தனை வருஷத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே பெருமை. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

நான் வேலையை விட்டதைச் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்தார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த கேக் சுடுற அவன் அடுப்பு எவ்வளவு சூடு பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

முதல் ஓடர் எதிர் லயத்து ரேணுகாவின் கல்யாணம். நானும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். மாப்பிள்ளை பண்டாரவளைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். வரவேற்பு பதுளையில் ஒரு மண்டபத்தில், திங்கட்கிழமை முகூர்த்தம். நம் நாட்டுக் கல்யாண கேக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் அடுக்கடுக்காக நிற்பது கேக்கே அல்ல. டிவி உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் வைப்பார்களே, அந்த வெள்ளை ஃபோம். அதன் மேல் ஐசிங் பூசி, பூ வைத்து அலங்கரிப்போம். அடி அடுக்கின் முன்பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் குழி வெட்டி, நிஜக் கேக் துண்டு ஒன்றைப் பதித்து மூடிவிடுவோம். பொண்ணு மாப்பிள்ளை வெட்டுவது அந்த இடத்தைத்தான். வந்தவர்களுக்கெல்லாம் தனியாகச் சுட்ட கேக் சின்னச் சின்னப் பெட்டிகளில் போகும்.

மூன்று அடுக்கு, நாற்பது ரோஜா என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த மண்டபத்துக்கு வருகிற எந்த அம்மாவும் அடுத்த கல்யாணத்துக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்பது திட்டம். இது நன்றாக வந்தால் நான் கேக்குக்காரி, சொதப்பினால் மறுபடி சேலை மடிக்க வேண்டியதுதான். திட்டத்தில் நான் மறந்தது ஒன்றே ஒன்று. அது ஐப்பசி மாதம். லயத்து அறைக்குள் பனிமூட்டம் வாசல் வழியாக விருந்தாளி மாதிரி வந்து உட்காரும். துவைத்த பாவாடையே மூன்று நாள் காயாத வீட்டில் சீனி ஐசிங் எங்கே காய்வது? ஞாயிறு காலை பார்த்தால், ரோஜாக்கள் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒன்று புகை பிடித்து மஞ்சளானது. நான் மூலையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

அப்பா வந்தார். குனிந்து, அடி அடுக்கில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். அச்சு அப்படியே பதிந்தது.

"வாடல" என்றார்.

"ஐசிங் வாடாதுப்பா. காயும்."

"ரெண்டும் ஒன்னுதான். தண்ணி போகணும்." கேக்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். "தூக்கு. ஸ்டோருக்குக் கொண்டு போவோம். ஞாயித்துக்கிழம, மாடி சும்மாதான் கெடக்கு."

ஸ்டோருக்குள் வெளிச் சாமான் கொண்டுபோகக் கூடாது என்பதும், மீறினால் வேலையே போகலாம் என்பதும் தோட்டத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கணத்தில் நான் தயங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை. குடை எங்கே என்று தேடினேன்.

கடைசித் தொட்டியின் கம்பி வலைமேல் கேக்கை அடுக்கி வைத்து, சுற்றிலும் ரோஜாக்களைத் தட்டோடு பரப்பினோம். அப்பா ஃபேனை மெதுவாக வைத்தார். இரண்டு மணித்தியாலத்தில் நடந்தது ஃபரீனா மிஸ் வகுப்பில்கூட நான் பார்க்காத அதிசயம். இதழ்களைச் சுண்டினால் கிண்ணென்று ஒலித்தன. அப்பா ஒரு ரோஜாவை எடுத்து, பழக்கதோஷத்தில் மோந்தும் பார்த்தார். "பன்னெண்டு மணி வரைக்கும் கெடக்கட்டும். நீ போய்ப் பெட்டி சுத்து" என்றார்.

இங்கே அம்மாவைச் சொல்ல வேண்டும். அன்று காலை அம்மா கூடையை மாட்டிக்கொண்டு எங்கள் முன்னால்தான் வாசலைத் தாண்டிப் போனார். கொழுந்து அதிகமாக வளர்கிற காலத்தில் ஞாயிறன்றும் ஆட்களைக் கூப்பிட்டுப் பறிக்க வைப்பார்கள். அதற்குக் கைக்காசு என்று பெயர். அப்பாவுக்கும் அது தெரியும். லொறி வழக்கம்போலப் பின்னேரம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் மழை கறுத்துக்கொண்டு வந்ததால் லொறி பதினொரு மணிக்கே வந்துவிட்டது, கூடவே ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவும்.

பெட்டிகளைச் சுற்றி முடித்து நான் மாடிப்படி ஏறும்போது, மற்றத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஐயா நின்றதால் அப்பாவால் கேக்கை எடுக்க முடியவில்லை. ஐயா, "எல்லா ஃபேனையும் முழுசாப் போடுங்க" என்றார். அப்பா கடைசித் தொட்டியை நோக்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டார்கள்.

ஃபோமுக்குப் பாரம் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மேல் அடுக்கு கோழி மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி, பக்கத்துத் தொட்டிக் கொழுந்தின்மேல் உருண்டது. நாற்பது ரோஜாக்களும் எழும்பின. (அந்த ஒரு நொடி எவ்வளவு அழகாக இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் என் மனச்சாட்சி உறுத்தும்.) பிறகு எல்லாம் பச்சைக் கொழுந்துக்குள் விழுந்து மறைந்தன.

டீமேக்கர் ஐயா குனிந்து ஒரு ரோஸ் நிற ரோஜாவை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன கொழுந்து, வேலாயுதம்?"

அப்பா தொப்பியைக் கழற்றினார். "என் மக வேலைங்கய்யா. சீனிப்பூ. நான்தான் கொண்டாந்து வச்சேன்."

"சீனி கொழுந்தோட அரைபட்டா என்ன ஆகும்னு ஒனக்கு நான் சொல்லணுமா?"

"வேணாங்கய்யா. தெரியும்."

"முப்பத்தொரு வருசமாச்சே?"

"ஆமாங்கய்யா."

நான் படியில் நின்றிருந்தேன். என்னால்தான், எனக்காகத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கடை நிறைய ஆட்களுக்கு முன்னால் கேக் செய்யப் போகிறேன் என்று முழங்கிய வாய்தான் அது. அந்த மௌனத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஐயா பெருமூச்சு விட்டு, "ஃபேனை நிப்பாட்டுங்க. ஒன்னு விடாமப் பொறுக்குங்க" என்றார். நாங்கள் பொறுக்கினோம். கொழுந்து மலைக்கும் செய்தி போய்விட்டதால் அம்மாவும் கூடையோடு வந்து சேர்ந்தார். காலையில் அவர் பறித்த கொழுந்துக்குள்ளேயே அவர் கை புகுந்து புகுந்து ரோஜாவோடு வெளியே வந்தது. திட்டிக்கொண்டேதான் பொறுக்கினார், ஆனால் அதிகம் கண்டுபிடித்தது அவர்தான். முப்பத்தேழு ரோஜா கிடைத்தன. மற்ற மூன்றும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு தூர தேசத்தில் யாரோ ஒருவர், சீனி போடாமலே இனிக்கிறதே என்று அந்தத் தேநீரைப் பாராட்டியிருக்கக்கூடும்.

"நாளைக்குத் தோட்டத்துத் தொரைக்கு ரிப்போர்ட் போகும்" என்று சொல்லிவிட்டு ஐயா இறங்கிப் போனார்.

அன்று பகல் முழுக்க உடைந்ததை ஒட்டினேன். ஆனால் அடி அடுக்கின் ஒரு பக்கம் சரிசெய்ய முடியாத கதியில் இருந்தது. கம்பி வலைத் தடம், ஒட்டிக்கொண்ட கொழுந்துத் துணுக்குகள், நடுவில் அப்பாவின் கட்டைவிரல். மறுநாள் மண்டபத்தில் எனக்கு ஒரு அபாரமான யோசனை உதித்தது. கேக்கை அப்படியே திருப்பி, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டேன். சபைக்குத் தெரிந்த பக்கம் பளபளவென்று இருந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஒரு தூணுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றேன்.

நிஜக் கேக்கும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது என்பது, ரேணுகாவும் மாப்பிள்ளையும் கத்தியைச் சேர்த்துப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஃபோமைக் கத்தியால் அறுக்கும்போது வருமே ஒரு சத்தம், பல் கூசும் சத்தம், அது மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது. கைக்குழந்தை ஒன்று அழுதது. மாப்பிள்ளை நல்ல மனிதர், ஆனால் வாத்தியார். எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டார். அறுத்து, ஒரு துண்டைப் பிய்த்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ரேணுகாவின் வாயில் ஊட்டினார். அவள் ஒரு கடி கடித்தாள். என்னைத் தேடிப் பார்த்தாள். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். துப்பினால் எனக்கு அவமானம் என்று அந்த மகராசி ஃபோமைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு மூன்று ஃபோட்டோவுக்குச் சிரித்தாள். அந்த ஆல்பத்தில் இன்றும் அவளுக்கு ஒரு கன்னம் பெரிதாக இருக்கும்.

அதற்குப் பிறகு யாரும் என்னை எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவை ஒப்பீசுக்குக் கூப்பிட்டார்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். என் கனவு, என் துணிச்சல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, போகப் போவது அப்பாவின் வேலை. அப்பா மேட்டில் மெதுவாக ஏறி வந்தார். கையில் ஒரு கடிதம்.

"வேலை போயிருச்சாப்பா?"

"இல்ல. எச்சரிக்கைதான்." அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் கடிதம்.

"ஏம்ப்பா கொண்டு போனீங்க? ஒங்களுக்குத்தான் தெரியுமே."

"நீ கடைய விட்டுட்டு வந்து நின்ன. ராத்திரியெல்லாம் ஒனக்குத் தூக்கமில்ல, எனக்குக் கேக்கும்ல. நீ மட்டும் பயந்துக்கிட்டு இருக்க வேணாம், எனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்னுதான்" என்றார். நான் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், கடிதத்தை விசிறி மாதிரி ஆட்டி எனக்குக் காற்று வீசினார்.

அடுத்த வாரம் துணிக்கடைக்குத் திரும்பிப் போனேன். முதலாளி அளவுகோலை நீட்டினார். "வாங்க. கேக் கொண்டு வந்தீங்களா?" என்றதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அதைப் பற்றிக் கேட்கவில்லை. இன்னும் ஐந்து வருஷம் அங்கே சேலை மடித்தேன். ஞாயிறுகளில் பிறந்தநாள் கேக் செய்தேன், நிஜக் கேக், ஃபோம் இல்லாதது. அப்பா ஓய்வு பெற்று, நாங்கள் பதுளைக்கு இறங்கி வந்த பிறகுதான் இந்தச் சின்னக் கேக் கடையைத் திறந்தேன். இந்தத் தடவை வேலையை விட்டது யாருக்கும் தெரியாது.

இப்போது இளம் பிள்ளைகள் சிலர் வந்து, "அக்கா, வேலைய விட்டுட்டு இதுல இறங்கலாமா?" என்று கேட்கிறார்கள். இறங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வீட்டில் யாருக்குத் தூக்கம் வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். அவர்களுக்கு அது புரிந்த மாதிரித் தெரியவில்லை, எனக்கும் அந்த வயதில் புரிந்திருக்காது. ரேணுகா ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் என்னிடம்தான் கேக் வாங்குகிறாள். பெட்டியைத் திறந்ததும் ஃபோன் எடுத்து, "எந்தப் பக்கம்டி வெட்டணும்?" என்று கேட்காமல் அவளுக்கு இறங்காது.

கடைச் சுவரில் பதிவுச் சான்றிதழுக்குப் பக்கத்தில் அப்பாவின் எச்சரிக்கைக் கடிதம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. மாட்டியது நானல்ல, அவரேதான். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யாராவது அண்ணாந்து அதைப் படித்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். "கொழுந்து அல்லாத பொருளொன்றை வாட்ட முயற்சித்தமைக்காக" என்ற வரிக்கு அவர்கள் வந்ததும், இத்தனை வருஷமாக ஆறாத ஒரே மனக்குறையைச் சொல்வார்:

"முயற்சி செஞ்சேனாம். நல்லாத்தான் வாடியிருந்துச்சு."