குளத்துக்கு வந்த கண்ணெரிச்சல்

நீச்சல் குளத்திலிருந்து ஏறி வந்தவர்கள் எல்லாரும் இழவு வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் மாதிரி கண் சிவந்து நின்றார்கள். கூரை போட்ட குளம். நெடி மூக்கைத் துளைத்தது.

"குளோரினை அள்ளிக் கொட்டுறீங்களா?" என்று குளத்தைக் கவனித்துக்கொள்ளும் குளத்துக்காரரிடம் கேட்டார் மேனேஜர். "சாயங்காலம் சுகாதார அதிகாரி வர்றார். அவர் மூக்கைப் பொத்தினா குளத்துக்குப் பூட்டு. குளத்துக்குப் பின்பக்கம் உங்களுக்குக் குடுத்திருக்கிற வீட்டுக்கும் பூட்டு."

அந்த வீட்டில் குளத்துக்காரரின் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

பூட்டு அவருக்குப் புதிதில்லை. போன வாரம் சோப்புக்கட்டி காணாமல் போனதிலிருந்து கண்ணில் பட்ட கதவையெல்லாம் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற மனுஷன். யாரையும் நம்பமாட்டார். பெருக்குகிற அம்மா காலையிலிருந்து ஏதோ கேட்க வந்து வந்து நின்றாள். அப்புறம் வா என்று துரத்தினார்.

குளோரின் மருந்தைக் குறைத்தார். தண்ணீர் கலங்கியது, நெடி போகவில்லை. இரண்டு மடங்காகக் கொட்டினார். நெடி ஏறியது. வெளிச் சாக்கடையின் வேலை என்று சன்னல்களைச் சாத்தினார். எல்லாரும் இருமினார்கள்.

தண்ணீரைச் சோதிக்க வந்த ஆய்வுக்கூடத்துப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "இது வெறும் குளோரின் நெடி இல்லங்க ஐயா. குளத்துக்குள்ளயே ஒண்ணுக்குப் போறாங்க. அதுல இருக்கிற நைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து நைட்ரஜன் டிரைகுளோரைடு ஆகுது. கண்ணை எரிக்கிறது அதுதான்."

இவள் மருந்து விற்கிறவன் அனுப்பிய ஆள், மருந்தை விட்டுக்கொடுப்பாளா என்று குளத்துக்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் சந்தேகப்பட இன்னும் நாலு பேர் கிடைத்தது பிடித்துப் போயிற்று. கரையில் நாற்காலி போட்டு முகம் முகமாகப் பார்த்தார். குற்றவாளி நழுவிவிடக் கூடாதென்று, விசில் ஊதும்வரை ஒருத்தரும் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டார்.

ஒரு வழுக்கைத் தலைக்காரர் படியைப் பிடித்துக்கொண்டு ஏற விடச் சொல்லிக் கெஞ்சினார். இறங்குங்க என்றார் குளத்துக்காரர். அவர் மறுபடி தண்ணீரில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்த முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது.

சுகாதார அதிகாரி வாசலிலேயே இருமிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். குளத்துக்காரருக்குப் பேரப்பிள்ளையின் தொட்டில் தெருவில் நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"இத்தனை வருஷமா இல்லாத நாத்தம் சார், போன வாரத்திலேர்ந்துதான் வருது. வேணும்னே செய்யுறானுங்க. எவன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

பெருக்குகிற அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"அண்ணே, போன வாரம் கக்கூஸைப் பூட்டுனீங்களே, அந்தச் சாவியை இப்பவாவது குடுக்குறீங்களா?"