அப்பா பச்சையாக இருக்கிறார்

பச்சைப்புள்ளிக்காரர் என்றொரு இனம் இப்போது எல்லா ஊர்களிலும் பெருகி வருகிறது. அடையாளம் காண்பது கஷ்டமில்லை. வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நீங்களும் நானும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவோம். அவர் சட்டைப்பைக்குள் கையை விடுவார். போனை எடுத்து, தடவி, உற்றுப் பார்த்து, "இல்லையே, பெய்யலையே" என்பார். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

இவருடைய வீட்டில் எல்லாவற்றுக்கும் கண்ணும் காதும் உண்டு. வாசல் மணி ஆளைப் பார்த்துப் படம் பிடிக்கும், மாடித் தொட்டி தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று செய்தி அனுப்பும், துவைக்கும் இயந்திரம் தன் வேலை முடிந்த சங்கதியை அவர் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கும், திரைச்சீலை வெயிலைக் கேட்டுக்கொண்டு தானே மூடும், திறக்கும், மனம் மாறி மறுபடி மூடும். விளக்குக்கு சுவிட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணையும். விருந்தாளியாகப் போகிறவர்கள் குளியலறையில் கவனமாக இருக்க வேண்டும். சிந்தனையில் ஆழ்ந்து சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் கும்மிருட்டு. அப்புறம் உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கைகளையும் தூக்கி, பேருந்தை நிறுத்துகிறவனைப் போல ஆட்ட வேண்டும். நான் ஆட்டியிருக்கிறேன்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் தங்கையை இந்த இனத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. நேரில் "மாப்பிள்ளை" என்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் "கண்ட்ரோல் ரூம்" என்போம்.

ஒருநாள் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மகள் வந்து, "அப்பா, அம்மா எங்க?" என்று கேட்டாள். மாப்பிள்ளை போனைப் பார்த்தார்.

"சமையலறையில நடமாட்டம் இருக்கு. அங்கதான் இருப்பா."

"நான் உங்க பின்னாடிதான் நிக்கிறேன்" என்றாள் என் தங்கை.

அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். "அப்போ அங்க யாரு?"

அங்கே தரை துடைக்கும் இயந்திரம் சுவரில் முட்டி முட்டி வழி தேடிக்கொண்டிருந்தது. அவர் நம்பியது எதை என்று நினைக்கிறீர்கள்? போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இவரைப் பாசமில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாசம் கொள்ளை கொள்ளையாக உண்டு. அது வாய் வழியாக வராது, அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று யாரையும் கேட்க மாட்டார். ஃபிரிட்ஜ் கதவு திறந்து மூடியதும், அடுப்பு எரிந்ததும் அவருக்குத் தெரியும். பிறகு கேட்பானேன்? "கேட்டா பொய் சொல்லுவாங்க மச்சான். டேட்டா பொய் சொல்லாது" என்பார், கண்ணில் ஒரு கருணையோடு.

இனி அவருடைய அப்பாவுக்கு வருவோம். மாமா நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் சொல்லச் சொல்ல அடித்தவர் என்பதால், தானாக ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மகன் போன் செய்தால் எடுப்பார். "ம், நீயா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." இவ்வளவுதான் பேச்சு. அப்பாவும் மகனும் பல வருடம் இப்படித்தான் நெருக்கமாக இருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் அத்தை, நின்று இவர் சளியை அவரிடமும் அவர் முட்டிவலியை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அத்தை இறந்துவிட்டார். மகன் போன் செய்தார். மாமா எடுத்தார். "ம், நீயா? இரு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். போனை யாரிடம் கொடுப்பது?

"அப்புறம்பா?" என்றார் மகன்.

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"சரி."

"சரி, வை."

துக்கத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கடக்கிறார்கள். சிலர் அழுகிறார்கள். சிலர் பழைய புடவைகளை மடித்து மடித்து வைக்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு ஏணி வாங்கினார். அதைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு மாமா தனியாக இருக்கும் வீட்டுக்குப் போய், ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று, கெட்டிலில் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஒன்று, நடையில் ஒன்று என்று சென்சார்களையும், நடையில் ஆள் அசைந்தால் எரியும் விளக்கொன்றையும் மாட்டிவிட்டு வந்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் போனில் பச்சைப் புள்ளிகள். ஏதாவது பிசகினால் அந்தப் புள்ளி சிவப்பு. உள்ளே இருக்கும் செயற்கை மூளை மாமாவின் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டு தினமும் காலையில் ஒரு வரி எழுதும்: "அனைத்தும் வழக்கம்போல்."

"மாமா எப்படி இருக்காரு?" என்று தங்கை கேட்பாள்.

"பச்சையா இருக்காரு."

பச்சையாக இருக்கிறவருக்குப் போன் எதற்கு? கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றது. யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால், முன்னைவிட இப்போதுதான் அப்பாவை நன்றாகக் கவனித்துக்கொள்வதாகச் சத்தியம் செய்திருப்பார். சத்தியம் உண்மையாகவும் இருந்திருக்கும்.

இப்படியிருக்கும்போது ஒருநாள் மாமா எதிர்வீட்டு டெய்லரோடு கேரம் ஆடப் போனவர், அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கியும்விட்டார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது.

"அப்பா, காலையிலேர்ந்து ஃபிரிட்ஜ் திறக்கலையே. என்னாச்சு?"

"ஃபிரிட்ஜா? நான் டெய்லர் வீட்டுல இருந்தேன்."

"அங்க என்ன?"

"கேரம்தான். அவன் திருட்டு ஆட்டம் ஆடறான். கையை நகத்தி நகத்தி வைக்கிறான்."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கண்ணு தெரியலன்னு நடிக்கிறான். அந்தக் கண்ணை வச்சுக்கிட்டுதான் ஊருக்கே ஊசி கோக்கறான்."

மகன் சிரித்துவிட்டார். பேச்சு கேரத்திலிருந்து மின்வெட்டுக்குப் போய், முட்டிவலிக்குப் போய், தண்ணீர் மோட்டாரின் சத்தத்தில் முடிந்தது. அப்பாவும் மகனும் அதுவரை அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. போனை வைத்துவிட்டு மாமா ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இதைச் சொன்னது டெய்லர்.

அடுத்த வாரம் ஃபிரிட்ஜ் மறுபடி சிவந்தது. அதற்கடுத்து கெட்டில். பிறகு நடை. பிறகு கட்டில். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று. மாப்பிள்ளை கூப்பிட்டு விசாரிப்பார், மாமா விவரமாகப் பதில் சொல்வார். பழுதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதி ஊரைச் சுற்றி வருவார்கள். ஃபிரிட்ஜை நாள் முழுக்கத் திறக்கக் கூடாதென்றால் பாலை எடுக்க முடியாது. மாமா அந்த நாட்களில் பாலில்லாத டீ குடித்துக்கொண்டிருந்தார். பால் இல்லாத டீயை அவர் மருந்து என்றுதான் சொல்வார்.

"குப்பையை வாங்கிட்டேன் மச்சான்" என்று மாப்பிள்ளை என்னிடம் புலம்பினார். "இந்தாங்க, ஆப் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். செயற்கை மூளை எல்லாப் பழுதுகளையும் ஒன்று திரட்டி ஆராய்ந்து எழுதியிருந்தது: "உங்கள் அழைப்பு முடிந்தவுடன் பழுது தானாகச் சரியாகிறது."

"இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிறீங்க?" என்றேன்.

"போன் சிக்னல் போய் சென்சாரைத் தட்டி எழுப்புது. வேற என்ன?"

அடுப்படியில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "மிஷினுக்கே புரிஞ்சுபோச்சு" என்றாள் என்னிடம். "நீ சொல்லிடாதேண்ணா. நாம சொன்னா கேட்டுட்டு விட்டுடுவாரு. அவராப் பாக்கட்டும்."

அவர் பார்க்கவில்லை. இந்த இனத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒன்று சரிவரவில்லை என்றால் அதைவிட விலை உயர்ந்த ஒன்றை வாங்குவார்கள். புதுப் பெட்டி வந்தது. கதவு, கெட்டில் எதுவும் தேவையில்லை. சுவரில் ஒன்றை மாட்டி அதனோடு ஒரு துணைக்கருவியைச் சேர்த்துவிட்டால் வீட்டுக்குள் ஆள் மூச்சு விடுவதையே கண்டுபிடித்துவிடுமாம். பழுது என்ற பேச்சே இராது. தங்கையின் முகம் வாடியது. "நீயும் கூடப் போண்ணா" என்று என்னை அனுப்பிவைத்தாள்.

மாமா எங்களை வரவேற்று, டீ போட்டுக் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து புதுப் பெட்டியைப் பார்த்தார்.

"இது என்ன பண்ணும்?"

"நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்பா. மூச்சு விட்டா போதும், பச்சை."

"மூச்சு விட்டா போதுமா?"

"போதும்பா."

"கெட்டுப் போகாதா?"

"போகவே போகாது. கேரண்டி."

"அப்போ உனக்கு அலைச்சல் மிச்சம்." மாமா டம்ளரை எடுத்தார், அது காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அதிலேயே ஒரு வாய் குடித்தார். "நல்லதுதான்."

எனக்கு உண்மை வாய் வரை வந்தது. தங்கைக்குக் கொடுத்த வாக்கால் விழுங்கிக்கொண்டேன்.

பழைய சென்சார்களைக் கழற்ற மாப்பிள்ளை நடையில் ஏணியைப் போட்டு ஏறினார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். அண்ணாந்து பார்த்தேன். நடையிலிருந்த சென்சாருக்கு யாரோ காலுறை போட்டிருந்தார்கள். சாம்பல் நிறக் காலுறை, நழுவாமலிருக்க ரப்பர் பேண்டோடு.

"அப்பா, இது என்ன?"

நாற்காலியிலிருந்து மாமா நிதானமாகச் சொன்னார். "தூசி படுமேன்னு போட்டேன்."

"எப்போலேர்ந்து?"

"எப்பவும் போட மாட்டேன். நீ கூப்பிட்டதும் எடுத்துடுவேன்."

மாப்பிள்ளை ஏணியின் மேலேயே நின்றார். அவர் அசையாமல் நின்றதில், அவர் மாட்டிய விளக்கே அவரை ஆளில்லை என்று முடிவு செய்து அணைந்துவிட்டது. நான்தான் கையை ஆட்டி எரிய வைத்தேன். இறங்கி வந்தபோது அவர் மூக்கு சிவந்திருந்தது. தூசி என்றார்.

பிறகு புதுப் பெட்டியைப் பிரித்தார். ஒன்றை எடுத்துச் சுவரில் மாட்டினார். அடியில் இருந்த துணைக்கருவியைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அப்பா, இதுக்கு ஒரு பார்ட் வரல. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து மாட்டறேன்."

"கேரண்டின்னியே?"

"கேரண்டி இருக்கு. பார்ட்தான் இல்ல."

மாமா யோசித்தார். "அது கிடைக்க நாளாகுமோ?"

"ஆகும் போலதான் தெரியுது."

"அவசரமில்ல" என்றார் மாமா. "இன்னொரு டீ குடிக்கிறியா? பால் நிறைய ஊத்தறேன்."

திரும்பும் வழியில் காரில் மாப்பிள்ளையின் போனைப் பார்த்தேன். அவர் வீட்டிலிருப்பவை எல்லாம் பச்சை. ஓரத்தில் மாமா வீட்டுப் புதுக்கருவி மட்டும் சிவப்பு. சிவப்பைக் கண்டால் தூக்கம் வராத மனிதர்.

"சிவப்பா இருக்கே மாப்பிள்ளை."

"இருக்கட்டும் மச்சான்" என்றார்.

உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டு விளக்குகளுக்கு நல்ல சுவிட்சுகள் இருக்கின்றன. ஃபிரிட்ஜ் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. மழையைக் கையை நீட்டித்தான் பார்க்கிறீர்கள். இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மகிழ்ச்சி.

ஆனால் நேற்று போனில் யாரையோ கூப்பிடலாம் என்று பெயரைத் தொட்டீர்களே. பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்றிருந்தது. "நல்லாத்தான் இருக்காங்க" என்று திருப்தியோடு போனைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனீர்கள். சில பெயர்களுக்குக் கீழே, கடைசியாக வந்துபோன நேரம் ஒருநாள் அப்படியே நின்றுவிடும். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது மாறாது. எனக்குத் தெரியும்.

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். என்ன பேசுவதென்றும் தெரியவில்லை என்கிறீர்கள். அதனாலென்ன, அவர்களுக்கும் தெரியாது.