வேட்டைக்காட்டுக்கு வண்டி வாங்கிய அடிமட்டம் அண்ணை

ரொறொன்ரோவில் அளக்கப்படாத பொருள் ஏதாவது மிச்சம் இருக்கிறதென்றால், அது இன்னும் அடிமட்டம் அண்ணையின் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். ரூலரை நாங்கள் அடிமட்டம் என்போம். பன்னிரண்டு அங்குல மர அடிமட்டம் ஒன்று கோடையிலும் குளிரிலும் அவருடைய பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்திருக்க வேண்டும். தபால்காரரைக் கேட்டால் சொல்லுவார்.

டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் எங்கள் இரண்டு வீட்டுக் கதவுகளும் பக்கத்துப் பக்கத்தில். வந்த புதிதில் அண்ணை வாங்கிய சோபா ஒன்று லிஃப்ட் வாசலில் குறுக்கே இறுகி, கட்டிடம் முழுக்க அரை நாள் படியேறியதாம். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த அளக்கிற வியாதி. மகளின் கலியாணத்துக்கு மணவறை அளந்தார், சரி. மரக்கறி ரோல்ஸை ஏன் அளக்க வேண்டும்? கடைக்காரரிடம், "போன கிழமையை விட அரை இஞ்ச் கட்டையாக் கிடக்கு தம்பி, என்ன விசயம்?" என்று கேட்டார். வரிசையில் பின்னால் நின்ற நான், அவரைத் தெரியாதவன் போல அப்பளப் பக்கெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தேன்.

இந்த மனிதர் ஒருநாள் என் கதவைத் தட்டினார். "தம்பி, நான் ஒரு வேட்டைக்காணி வாங்கிப்போட்டன்."

கையில் இருந்த தேத்தண்ணீர் என் காலில் கொட்டியது. அண்ணை சுத்த சைவம். குளியல் தொட்டியில் சிலந்தி விழுந்தால் பேப்பரில் ஏந்தி, லிஃப்டில் பதினொரு மாடி இறங்கி, புல்லில் விட்டுவிட்டு வருகிறவர்.

"துவக்கும் வாங்கிட்டியளோ அண்ணை?"

"விசர்க்கதை கதையாதை. துவக்கு எனக்கென்னத்துக்கு? காணிக்குள்ள ஒரு குளம் கிடக்கு. உங்கட அக்கா நல்லாயிருக்கு எண்டு சொன்னவ."

அக்கா என்றது அவருடைய மனைவி மலர் அக்காவை. இரண்டு வருடத்துக்கு முன் பஸ் தரிப்பில் பனியில் வழுக்கி விழுந்து, இடது முழங்காலில் தகடு வைத்தார்கள். அதன் பிறகு அந்தக் கால் மடங்க மறுத்துவிட்டது. ஒரு கோடை விருந்துக்குப் போனபோது இரண்டு மருமக்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை வான் வண்டியில் ஏற்றினார்கள். ஊரே பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா சொல்லிவிட்டார்: "என்னை ஆரும் தூக்கித்தான் ஏத்தவேணும் எண்டால், நான் இனி ஒரு இடமும் வரமாட்டன்." சொன்னபடி வரவும் இல்லை. சிரிப்பும் நின்றது. அப்படி இருந்தவர் போனில் இந்தக் குளத்தின் படத்தைப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்றிருக்கிறார். அடுத்த மாதம் காணி அண்ணையுடையது.

காணி வடக்கே மூன்று மணித்தியால ஓட்டத்தில். தெருவிலிருந்து குளத்துக்கு ஒரு கிலோமீற்றர் தூரம், முழுக்கக் கல்லும் வேரும். கார் போகாது, அக்காவால் நடக்க ஏலாது. அதனால் சைட்-பை-சைட் என்கிற வண்டியை வாங்கத் தீர்மானித்தார். பார்வைக்கு ஜீப்பும் ட்ராக்டரும் கலந்தது போல இருக்கும். ஸ்டியரிங் பிடிப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர், பின்னால் இன்னும் மூன்று பேர், அதற்கும் பின்னால் ஒரு பெட்டி. வேட்டைக்காரர்கள் சுட்ட மானை அந்தப் பெட்டியில்தான் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அக்காவை யாரும் தூக்காமல் அந்த வண்டியில் ஏறவைக்க வேண்டும். அண்ணைக்கு அந்தக் கோடை முழுக்க அது ஒன்றுதான் கவலை. கூட அலைந்த பாவி நான்.

முதல் கடையில் விற்பனைப் பையன் எஞ்சின் பலத்தைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னான். அண்ணை அடிமட்டத்தோடு தரையில் முழந்தாளிட்டு, "இவ்வளவு உயரம் கூடாது" என்றார். உயரமாக இருந்தால்தானே கல்லில் அடிபடாது என்றான் அவன். "கல்லுக்கு உயரம், காலுக்குத் தாழ்வு. ரெண்டும் உள்ளதைக் காட்டு" என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டதும் பையன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அண்ணை காரிலிருந்து பொங்கல் பானையைக் கொண்டுவந்து பின்பெட்டியில் இறக்கினார். எவ்வளவு பெரிய மான் என்று பையன் மரியாதையாக விசாரித்தான். "மான் இல்லை. புக்கை" என்றார் அண்ணை. புக்கை என்றால் பொங்கல் என்பதை ஆங்கிலத்தில் விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இரண்டாவது கடையில் நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அண்ணை ஒரு ஸ்டூலில் குந்தியிருந்து, இடது முழங்காலுக்குப் பின்னால் அடிமட்டத்தை வைத்து, அக்காவின் பண்டேஜால் சுற்றி இறுக்கிக் கட்டினார். இப்போது அவருடைய காலும் மடங்காது. அந்தக் காலோடு பக்கத்து சீட்டில் ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். நாலாந்தரம் சறுக்கித் தொபுக்கென்று விழுந்தார். அங்கே நின்ற வேட்டைக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவர் மரியாதைக்குத் தொப்பியையே கழற்றிவிட்டார்.

"அண்ணை, காணும், போதும். வாங்கோ போவம்!"

"பொறு தம்பி. இதில விழுந்தது நான். இதில அவள் விழக்கூடாது."

ஐந்தாவது கடையில் ஒன்று சரிவந்தது. தாழ்ந்த தளம், ஒரே நீட்டு சீட், மூடக்கூடிய கதவு, பிடிக்க ஒரு கம்பி. கட்டிய காலோடு பத்துத் தரம் ஏறி இறங்கிவிட்டு, "இதுதான்" என்றார். இத்தனை கடையிலும் அவர் ஒருமுறையாவது ஸ்டியரிங் பக்கம் போய் இருந்து பார்க்கவில்லை. அக்காவின் இடம் பக்கத்து சீட், அதை விட்டு அவர் யோசனை அங்காலே இஞ்சாலே அசையவில்லை.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் காணிக்குப் போனோம். வேட்டைக்காலம் தொடங்க இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. ஆனாலும் அண்ணை எங்கள் எல்லோருக்கும் வேட்டைக்காரர் போடுகிற செம்மஞ்சள் சட்டை மாட்டிவிட்டார். தெருத் திருத்த வந்தவர்கள் என்று நினைத்து, ஒரு கார்க்காரர் நின்று வழி கேட்டார். வண்டி பளபளவென்று நின்றது. நான்கு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் கொளுத்துமுன் அக்கா ஏறி இருக்க வேண்டும் என்பது அண்ணையின் திட்டம்.

அக்கா தடியூன்றிப் பக்கத்து சீட்டுக்கு வந்தார். கம்பியைப் பிடித்தார். இடது காலைத் தூக்கினார். கால் தளத்துக்கு எட்டவில்லை. இன்னொருமுறை தூக்கினார். எட்டவில்லை. அண்ணையின் கணக்கில் பிழை இல்லை, ஆனால் அவர் கட்டியது சுகமான ஒரு காலை. அந்தப் பக்கம் ஏறுவதென்றால் இடது கால்தான் முதலில் மேலே போக வேண்டும். அக்காவின் கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. மூன்றாம் தரம் அவருடைய முகம் சிவந்துவிட்டது. மகள் தர்சினி தன்னையறியாமல் கையை நீட்டினாள்.

"தொடாதை!" என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "நான் காருக்குள்ள இருக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ."

அடிமட்டம் அண்ணை பையிலிருந்த அடிமட்டத்தை எடுத்தார், ஒன்றையும் அளக்காமல் திரும்ப வைத்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. யாரிடம் கோபிப்பது என்று தெரியாமல் அந்த வண்டியிடம் கோபித்தேன்.

அக்கா காரை நோக்கி வண்டியைச் சுற்றி நடந்தார். மற்றப் பக்கம் வந்ததும் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். வலது காலைத் தூக்கி வைத்து, ஒரு எம்பு எம்பினார். இடது கால் தானாகப் பின்னால் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். அக்கா ஏறி இருந்துவிட்டார்.

"மலர், அது ட்ரைவர் சீட்!" என்றார் அண்ணை.

"தெரியும். நீங்கள் அங்கால ஏறுங்கோ."

"அம்மா, வெயிட், வெயிட்! யூ டோன்ட் ஈவன் டிரைவ்!" தர்சினி கத்தினாள்.

"இருபத்தாறு வருசம் பக்கத்தில இருந்து உன்ர கொப்பர் ஓடுறதைப் பார்த்தனான். ரெண்டு மிதிதானே. ரெண்டுக்கும் வலது கால் காணும்."

அண்ணையின் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி மாட்டினார். அண்ணை நடுங்கி நடுங்கி ஏறி, பெல்ட்டைப் போட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். நான் கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கின. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, மரங்களுக்குள் போய் மறைந்தது. "மெதுவா! மலர், கல்லு! ஐயோ, கல்லு!" என்று அண்ணையின் குரல் மட்டும் கேட்டது. அதற்கு மேலால் ஒரு சிரிப்பு. தர்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய அம்மாவின் சிரிப்பு.

குளத்தடிக்குப் போய், அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள். அண்ணை இறங்கிய வேகத்தில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. நான் தண்ணீர் கொடுத்தேன்.

"தம்பி, இன்னொருக்காப் போவமாம்."

"நீங்கள் நில்லுங்கோ அண்ணை. நான் போறன் அக்காவோட."

"உனக்கு விசரே? அவள் என்னையெல்லோ கூப்பிட்டவள்" என்றார்.

அந்த மனிதர் மறுபடி போய் அக்காவுக்குப் பக்கத்தில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சரி, ஓடு" என்றார்.