தோற்பதற்கு ஆள் தேவை

படையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். தோற்பதற்கு ஒருவரும் இல்லை.

அன்ரோனெற் ரீச்சர் பெயர்ப் பட்டியலை இரண்டாம் முறையும் படித்துப் பார்த்தார். முப்பத்தொருவரும் உரோமப் படை. நாடகப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம்.

மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் சரித்திரம் படிப்பிப்பவர் அவர். வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து ஆறு நிமிடம். பன்னிரண்டு வருடமாக அந்த ஆறு நிமிடத்தில் யாரும் கை வைத்ததில்லை. இந்த வருடம் இடமாற்றப் பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டது. ஆனால் நாடகப் போட்டியில் முதலிடம் பெறும் ஆசிரியருக்குத் தூர மாற்றம் கிடையாது என்று கல்விக் கந்தோரின் பணிப்பாளர் கூட்டத்தில் சொல்லியிருந்தார். தலைப்பையும் அவரே கொடுத்திருந்தார்: ‘ஒரு நாட்டின் வெளியுறவு வரலாற்றில் படைபலமும் விரிவாக்கமும்.’

அன்ரோனெற் உரோமைத் தெரிவு செய்தார். காரணம் சரித்திரமல்ல, உடுப்பு. பெரிய வெள்ளியன்று இயேசுவைச் சிலுவையில் அறையும் நாடகத்துக்காகக் கோயில் அறையில் பதினான்கு உரோமப் படைவீரர் உடுப்புகள் தலைக்கவசத்தோடு இருந்தன. மீதிப் பதினேழு தலைக்கவசங்களை, மீன் அடைக்கும் றெஜிபோம் என்ற இலேசான வெள்ளை நுரைப் பெட்டிகளை வெட்டிச் செய்தார்கள். வெள்ளிநிறம் பூசிய பிறகு பார்வைக்கு உரோம், மணத்துக்குப் பேசாலை.

“பதினைஞ்சு பேர் தலைக்கவசத்தைக் கழட்டுங்கோ. நீங்கள்தான் தோற்கிற ஆக்கள்” என்றார் ரீச்சர்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் பதினைந்து தாய்மார் நின்றார்கள். முன்னால் திரேசம்மா.

“ரீச்சர், எங்கட ஜெனிஸ்ரன் என்ன பிழை விட்டவன்?”

“பிழை ஒண்டுமில்லை. ஆரோ தோற்கத்தானே வேணும்?”

“போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், வெள்ளைக்காரன் எண்டு வந்த எல்லாரிட்டயும் தோத்த தீவு ரீச்சர் இது. நாடகத்திலயும் தோக்கோணுமோ?”

அன்ரோனெற் பதினைந்து தலைக்கவசங்களையும் திருப்பிக் கொடுத்தார். திரேசம்மா சொன்னது பாடப்புத்தகத்திலேயே இருந்தது.

அடுத்த நாள் அவர் கதிரைகளைப் பகை நாடாக்கினார். பள்ளிக்குள் அகப்பட்ட இருபது கதிரைகளை வரிசையாக அடுக்கி, “இதுதான் கார்த்தேஜ்” என்றார். படை பாய்ந்தது. கார்த்தேஜ் நான்கு நிமிடத்தில் விழுந்தது. எட்டுக் கால்கள் முறிந்தன. அதில் நான்கு, அதிபர் டொமினிக்கின் கதிரைக்கு உரியவை.

“கார்த்தேஜை அழிச்சது சரி, ரீச்சர்” என்றார் அதிபர், நின்றபடி. “என்ர கதிரை எந்த நாடு?”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சேர். தோற்கிறதுக்கு உயிருள்ள ஆக்கள் வேணும்.”

அதிபர் யோசித்தார். இரண்டு பள்ளிகள் சேர்ந்து நடிக்கப் போட்டி விதியில் இடமிருந்தது. அன்றைக்கே பாலத்துக்கு அப்பால் பெருநிலத்திலுள்ள அடம்பன் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். தோற்பதற்கு இருபது பிள்ளைகள் தந்து உதவவும்.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் பரமநாதன் வந்து இறங்கினார். அடம்பனில் வயல் செய்பவர். அங்கே பள்ளிப் பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். பின்னால் அரை மூட்டை அரிசி கட்டியிருந்தது.

“இது என்னத்துக்கு, ஐயா?”

“சும்மா. நட்புக்கு” என்றார் பரமநாதன். “தோற்கிறது எங்களுக்குப் பிரச்சினை இல்லை, ரீச்சர். மழையிட்டத் தோத்தம், பன்றியிட்டத் தோத்தம். உரோமிட்டத் தோக்க என்ன? ஒண்டே ஒண்டு. பிள்ளையள் பாலம் தாண்டி இஞ்ச வந்து போறது கஷ்டம். நீங்கள் அங்க வந்து பழக்குங்கோவன். வாரத்தில மூண்டு நாள்.”

அன்ரோனெற் சம்மதித்தார். வேறு யாரும் தோற்க முன்வரவில்லை.

வீட்டில் கணவர் கிறிஸ்ரி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இதைக் கேட்டார்.

“பெருநிலத்துக்கு மாத்தம் வராமல் இருக்கத்தானே இந்த நாடகம்?”

“ஓம்.”

“அதுக்காக வாரத்தில மூண்டு நாள் பெருநிலத்துக்குப் போறாய்.”

“அது தற்காலிகம்” என்றார் அன்ரோனெற்.

இரண்டு பஸ் மாறி அவர் அடம்பனுக்குப் போனார். முதல் நாளே பரமநாதன் ஒரு சிறு வேண்டுகோள் வைத்தார்.

“ஏன் தோற்கிறம் எண்டு விளங்காமல் பிள்ளையள் எப்பிடி ரீச்சர் தோற்கிறது? ஒரு அரை மணித்தியாலம் சரித்திரத்தைச் சொல்லிக் குடுங்கோ.”

அரை மணித்தியாலம் இரண்டாம் நாள் ஒரு மணித்தியாலமானது. மூன்றாம் நாள், நாடகத்தில் இல்லாத பிள்ளைகளும் கொப்பியோடு வந்து இருந்தார்கள். நாடகத்தில் இவ்வளவு ஆர்வமா என்று ரீச்சருக்கு மகிழ்ச்சி. கடைசி வாங்கில் பரமநாதனும் இருந்தார். ஒருநாள் கையை உயர்த்தினார்.

“உரோம் முதல் படையையோ அனுப்பினது, ரீச்சர்?”

“கனக்க இடத்தில இல்லை, ஐயா. முதல் நட்பு ஒப்பந்தம். பிறகு பாதுகாப்புக்கெண்டு கொஞ்சப் படை. பிறகு ஒருநாள் பாத்தால் அந்த நாடு உரோமின்ர மாகாணம்.”

“அது அந்த நாட்டுக்குத் தெரியாதோ?”

“தெரிய வரேக்க நேரம் போயிடும்.”

“நல்லாப் படிப்பிக்கிறியள்” என்றார் பரமநாதன்.

இரண்டாம் வாரம் அடம்பன் பிள்ளைகளுக்கும் வசனம் வேண்டும் என்றார். கொடுத்தார் ரீச்சர். மூன்றாம் வாரம் முதல் சண்டையில் அடம்பன் வெல்ல வேண்டும் என்றார். கடைசிச் சண்டையில் தோற்றால் சரிதானே என்று அதற்கும் சம்மதித்தார். பிறகு, தோற்கும் அரசனாக நடிக்கும் அனோஜனுக்கு நாடகத்திலேயே நீளமான வசனம் தேவைப்பட்டது. அதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

போட்டி மன்னார் நகரில் நடந்தது. முதல் இரண்டு காட்சிகளும் எழுதியபடி போயின. மூன்றாம் காட்சியில் அனோஜன் உரோமத் தளபதி ஜெனிஸ்ரன் முன்னால் முழந்தாளிட வேண்டும். முழந்தாளிட்டான். முன்வரிசையிலிருந்த அவன் தாய் பூமணிக்கு அது பொறுக்கவில்லை.

“எழும்படா, அனோஜன்! உன்ர கொப்பர் ஆருக்கும் முழந்தாள் போட்டவரோ?”

அனோஜன் எழும்பினான். கையில் ஆயுதமாக இருந்த மாட்டுக் கம்பால் தளபதியின் தலையில் ஒன்று போட்டான். மெதுவாகத்தான் போட்டான். ஆனால் தலைக்கவசம் றெஜிபோம். அது நான்காகப் பிளந்து விழுந்தது. மற்றப் பத்தொன்பது பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

மேடை முழுவதும் வெள்ளைக் குருணி பறந்தது. கோயில் உடுப்புப் போட்ட பதினான்கு பேரும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார்கள். மீதிப் படை அம்மாவைக் கூப்பிட்டது. திரேசம்மா மேடைக்கு ஏறி மகனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். உரோம் விழுந்துவிட்டது. அடம்பன் மேடையில் நின்று, மிச்சமிருந்த நீளமான வசனத்தைச் சொல்லி முடித்தது.

அன்ரோனெற் திரைக்குப் பின்னால் இருந்த பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். தன் ஆறு நிமிட நடை போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

நடுவர்கள் நீண்ட நேரம் பேசினார்கள். பிறகு மூத்த நடுவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“பேரரசுகள் வெளியில் வெள்ளி, உள்ளே வெறும் றெஜிபோம் என்பதை இவ்வளவு துணிவாகக் காட்டிய நாடகத்தை நாங்கள் பார்த்ததில்லை. முதலிடம்.”

அன்ரோனெற் மேடைக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. பணிப்பாளர் கைகொடுத்து, ஒரு கடித உறையையும் கொடுத்தார்.

“சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கிறன், ரீச்சர். தூர மாற்றம் இல்லை.”

ரீச்சர் உறையைப் பிரித்தார். தை மாதம் முதல் அடம்பன்.

“சேர், இது...”

“தூர மாற்றம் இல்லை எண்டுதானே சொன்னனான்? அடம்பனுக்கு நீங்களாவே ஒன்பது தரம் போய் வந்திருக்கிறியள். ஒரு நாளும் பிந்தேல்லையாம். நாப்பத்திரண்டு பெற்றோர் திகதியோட எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்திருக்கினம்.”

அன்ரோனெற் பரமநாதனைத் தேடி வெளியே வந்தார். அவர் மோட்டார் சைக்கிளில் போய்விட்டிருந்தார். பஸ்ஸடியில் அவருடைய மகள் அபிசா மட்டும் நின்றாள். தோற்கும் பிள்ளைகளில் அவள் பதினேழாவது.

“அபிசா, கொப்பர் அந்தப் பெற்றோர் கடிதத்தை எப்ப எழுதினவர்?”

“நாங்கள் தோற்க வரவேணும் எண்டு உங்கட அதிபரின்ர கடிதம் வந்த அண்டைக்கே, ரீச்சர். எங்களுக்குச் சரித்திரம் படிப்பிக்க ஆள் இல்லாமல் மூண்டு வருசம். நீங்கள் வந்து போன திகதியளை மட்டும் பிறகு நிரப்பினவர்.”