இரண்டாயிரம் முருகனும் ஒரு வீட்டுக் கடனும்

காலையில் பல் துலக்கப் போவதற்கே அருணாதேவி இரண்டாயிரம் முருகனைக் கடந்து போக வேண்டியிருந்தது.

கடந்து என்றால் சும்மா நடந்து போய்விட முடியாது. சாமிப் படத்தில் கால் படக் கூடாது. கூடம் முழுக்க முருகன் படம் போட்ட காலண்டர் அட்டைக் கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குச் சந்து. அன்றைக்கு அந்தச் சந்தில் அவளுடைய நைட்டி ஒரு சணல் முடிச்சில் மாட்டி முழங்கால் வரை கிழிந்தது.

"ஏங்க! இந்தக் கட்டுகளையெல்லாம் இன்னைக்குக் கெளப்புறீகளா, இல்ல நான் கெளம்பட்டுமா?"

அடுப்படியில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பாண்டிமுருகன் நிமிரவில்லை. "மெதுவாப் பேசு அருணா. மாசம் நாலாயிரம் வாடகை. நாலாயிரமும் அப்படியே அசல்ல போயி விழுது."

"விழட்டும். வீட்டுல ஒரு முருகனை வச்சே என்னால சமாளிக்க முடியல. இதுல ரெண்டாயிரம்."

பாண்டிமுருகன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மிஷின் ஆபரேட்டர். அருணாதேவி பட்டாசு மொத்தக் கடையில் பில் போடுகிறாள். எம். புதுப்பட்டி ரோட்டில் பேங்க் கடன் வாங்கி வீடு கட்டியது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் வருடம் கட்டிய தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விட்டது என்று பேங்கில் ஒருவர் விளக்கிச் சொன்ன அன்றுதான் பாண்டிமுருகனுக்கு ஏதோ ஆகிப்போனது. இருபது வருடக் கடனை ஐந்து வருடத்தில் அடைப்பேன் என்று கிளம்பினான். சினிமா நின்றது. காரியாபட்டியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போவது நின்றது. கடன் முடியட்டும், அப்புறம் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றான். அதையும் பொறுத்தாள். அச்சக முதலாளி சீசனுக்குக் குடோன் பத்தவில்லை என்று புலம்பியதைக் கேட்டுவிட்டு, வீட்டுக் கூடத்தைக் கொடுத்துவிட்டு வந்தான் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பேன் போடக் கூடாது, மேல்தாள் பறக்கும். ஜன்னலைத் திறக்கக் கூடாது. வெயில் பட்டால் வர்ணம் மங்கும். பெட்ரூமுக்குப் பேன் வாங்குவதும் தள்ளிப்போனதால் இரண்டு பேரும் பின்கதவைத் திறந்து வைத்து அடுப்படியில்தான் படுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் கறி எடுத்துவரச் சொன்னபோது அவன் கூடத்தைக் கை காட்டினான்.

"சாமி இருக்கிற எடத்துல கறி ஆக்கலாமா?"

"அப்ப எம்புட்டு நாளைக்குப் பருப்பு?"

"சீசன் முடியிற வரைக்கும். அந்தக் கறிக் காசையும் அசல்ல போட்டுருவோம்."

கிழிந்த நைட்டியோடு அவள் அன்று காலை போட்ட சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்டது. பாண்டிமுருகன் பயந்துதான் போனான். சாயங்காலமே குட்டியானை வண்டியைக் கூட்டிவந்து முருகன் கட்டுகளை ஏற்றி அனுப்பினான். அருணாதேவி ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அதே வண்டி வேறு கட்டுகளோடு திரும்பி வந்து நின்றது.

"இது என்னது?"

"நீதான சாமிப் படம் வேண்டாம்னே. இது சாமியில்ல. கட்சித் தலைவர்."

தலைவர் கூடம் முழுக்கக் கும்பிட்டபடி சிரித்தார். கறி ஆக்கத் தடையில்லை என்பது மட்டும் ஆறுதல். அந்த ஆறுதல் ஞாயிறு மதியம் வரை நின்றது. எதிர்வீட்டுச் செல்லச்சாமி வேறு கட்சி. ரசம் வைக்க ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏலே பாண்டி, எப்பத்துல இருந்துலே?"

"அண்ணே, இது கம்பெனி சரக்கு."

"எல்லாரும் முதல்ல அப்படித்தாம்லே சொல்லுவாக. போர்வெல் போட்டப்ப எங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சுத்தான இந்த வீட்டைக் கட்டினே?"

எலுமிச்சம்பழத்தை வாங்காமலே போய்விட்டார். மறுநாள் தெருக்குழாயில் அவர் மனைவி அருணாதேவியின் குடத்தை நகர்த்தி வைத்தாள். அதற்கடுத்த நாள் தலைவரின் ஆட்களே இரண்டு பேர் வந்து, தேர்தல் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு அருணாதேவி டம்ளரைத் தரையில் ஓங்கி வைத்தாள்.

"டீத்தூள் காசை எதுல போடுவீக? அசல்லயா வட்டியிலயா?"

பாண்டிமுருகன் மறுபடியும் முதலாளியிடம் போனான். இந்த முறை வந்து இறங்கியவை குழந்தைப் படங்கள். குழந்தைக்குச் சாமி கோபமும் இல்லை, கட்சிக் கோபமும் இல்லை என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் குழந்தைப் படத்துக்கு ஆர்டர் பெரிது. கூடம் பத்தவில்லை.

"அதனால?" என்றாள் அருணாதேவி. அவள் குரல் இறங்கியிருந்தது. பாண்டிமுருகன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"பெட்ரூமையும் சேத்துக் குடுத்துட்டேன். ஏழாயிரம்."

"நம்ம தூங்குறது அடுப்படியிலதானேன்னு நெனச்சீக."

"ஆமா. அது சும்மாதான கெடக்கு."

அன்றிரவே பெட்ரூமிலும் கட்டுகள் ஏறின. கடையில் கூட வேலை பார்க்கிற கற்பகவல்லி மறுநாள் ஒரு சேலையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கூடத்திலும் பெட்ரூமிலும் தவழ்ந்து, விரல் சூப்பி, பொக்கை வாய் காட்டுகிற குழந்தைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அவ அவ ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு கோயிலா ஏறி எறங்குறா. நீ என்னடி, மொத்த ரேட்டுல எறக்கிட்ட?"

கற்பகவல்லி விளையாட்டாகத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் போன பிறகு அருணாதேவி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு கட்டைப் பிடித்து இழுத்து வாசலுக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. பாண்டிமுருகன் வேலை முடிந்து வந்தபோது குழந்தைகள் வாசல்படியிலிருந்து ரோடு வரை கிடந்தார்கள். செல்லச்சாமி எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருணா! மழை வந்தா அம்புட்டும் போச்சு!"

"போகட்டும். எங்க அப்பா போட்ட நகையை வித்து முன்பணம் கட்டின வீடு இது. இதுல ஒரு நாளாவது நான் காலை நீட்டிப் படுத்திருக்கேனா? பேங்க்காரன்கூட என்னைய வெளிய போன்னு சொல்லல. நீங்க ஒவ்வொரு ரூமா என்னையத் தள்ளிக்கிட்டே வாறீக. இன்னும் குளிக்கிற ரூம்தான் பாக்கி. அதையும் குடுத்துருங்க, நான் ரோட்டுல நின்னு குளிக்கேன்."

"குடுத்துறாதப்பா!" என்றார் செல்லச்சாமி எதிர்ப்பக்கமிருந்து.

பாண்டிமுருகன் ரோட்டில் கிடந்த கட்டுகளைப் படிப்பக்கம் இழுத்து வைத்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்குப் பத்து நாள் குடு. கட்டும் போயிரும், கடனும் போயிரும்."

"எப்படி? இன்னும் அஞ்சு லட்சம் இருக்குல்ல?"

"வட்டியில்லாத காசு ஒரு எடத்துல கேட்டிருக்கேன். மூணு வருசம் கழிச்சுத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

"யாரு, உங்க முதலாளியா?"

"நல்ல மனுசங்க," என்று சொல்லிவிட்டு அவன் கட்டுகளை உள்ளே தூக்கப் போனான்.

அருணாதேவி நம்பவில்லை. ஆனால் நான்காம் நாளே வண்டி வந்து ஒரு கட்டு விடாமல் அள்ளிப்போனது. கூடத்தின் தரை என்ன நிறம் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. அப்புறம் ஒரு பெயிண்டர் வந்தான். சுவரெல்லாம் இளம்பச்சை. ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயைப் பாண்டிமுருகன் தன் கையாலேயே மாற்றினான். ஒவ்வொரு ரூபாய்க்கும் உயிரை விடுகிற மனுசன் அடுப்படியில் புதிதாக ஒரு அலமாரி வேறு அடித்தான்.

"இதுக்கெல்லாம் எதுக்குங்க செலவு?" என்று அவளே கேட்கும்படி ஆனது.

"வீடுன்னா பாக்க லட்சணமா இருக்கணும்ல."

பத்தாம் நாள் இரண்டு பேரும் பேங்குக்குப் போய்க் கடனை முடித்தார்கள். பத்திரத்தைக் கையில் வாங்கியதும் பாண்டிமுருகனுக்குக் கண் கலங்கியது. அவள் வழியில் இறங்கி ஒரு கிலோ கறி எடுத்தாள். அவன் விலைகூடக் கேட்காமல் காசை எடுத்துக் கொடுத்தான். இரண்டு முறை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான். அன்று ராத்திரி அவள் கூடத்தின் நட்டநடுவில் பாயை விரித்து, பேனை முழு வேகத்தில் வைத்து, இரண்டு கையையும் விரித்து மல்லாந்து படுத்தாள். இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. இந்த மனுசனை ரொம்பத்தான் பேசிவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

இருட்டில் அவன் சொன்னான்: "காலையில காரியாபட்டிக்குப் போவோம். உங்க அம்மாவைப் பாத்து எம்புட்டு நாளாச்சு. துணிமணியை எடுத்து வையி."

"எத்தனை நாளைக்குங்க?"

"கொஞ்சம் தாராளமாவே எடுத்து வையி."

அவள் எழுந்து விளக்கைப் போட்டு இரண்டு பெரிய பைகளைத் தேடி எடுத்தாள்.

காலையில் அவன் ஆட்டோ பிடித்து வருகிறேன் என்று போனான். அவள் தலைக்குக் குளித்து, பட்டுச் சேலை கட்டி, இரண்டு பெரிய பைகளையும் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். அழைப்பு மணி அடித்தது. ஆட்டோதான் என்று சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண் நின்றாள். கையில் மஞ்சள் பூசிய புதுப் பால்பானை. பின்னால் நின்ற குட்டியானையில் கட்டில், பீரோ, கிரைண்டர். அவற்றுக்கு மேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் புதுச் சுவரின் பச்சையை ரசித்துக்கொண்டிருந்தார்.

"யாரு வேணும்? வீடு மாறி வந்துட்டீகளா?"

அந்தப் பெண் வாய் நிறையச் சிரித்தாள்.

"இந்த வீடுதாங்க்கா, ஏழாயிரம்பண்ணையில இருந்து வாறோம், அஞ்சு லட்சம் குடுத்து மூணு வருசம் நாங்க வாடகையில்லாமக் குடியிருக்க ஒத்திக்கு எடுத்திருக்கோம்ல, நல்ல நேரம் முடியிறதுக்குள்ள பால் காய்ச்சணும், அந்தப் பையை மட்டும் செத்த வெளிய வச்சுக்கிடுறீகளா?"