பிளாட்ஃபோம் அண்ணையை ரயில் கொண்டுபோன கதை

பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் போகிற அதிவேக ரயில்கள் மின்சாரத்தில் ஓடுவதாகத்தான் உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதித் தமிழர்களுக்கு உண்மை தெரியும். பிளாட்ஃபோம் அண்ணை கீழே நின்று கை காட்டாவிட்டால் அவை நகராது.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் வங்கிக்கும் மட்டும் தெரிந்திருக்கலாம். ரூ காய் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் மரக்கறிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து நிலையம் நடந்துபோகும் தூரம். கடை முதலாளியின் துரதிர்ஷ்டம் அதுதான். முருங்கைக்காய் வாங்க வந்தவர் பேச்சுவாக்கில் ஜெர்மனியில் ஒரு கலியாணம் என்று சொல்லிவிட்டால் போதும். அண்ணை தராசை விட்டுவிடுவார்.

"எத்தினை மணிக்கு ரயில்?"

"வேண்டாம் அண்ணை, ஒரு சின்ன பாக்தான்."

"பாக்கையா கேட்டனான்? ஒரு ஆளைத் தனிய அனுப்புறதோ? நாங்கள் என்ன மனுசரில்லையோ?"

பிளாட்ஃபோமில் நின்று கையசைப்பதெல்லாம் அவருக்கு வழியனுப்புவதாகாது. ரயிலுக்குள் ஏற வேண்டும். சுமையை மேல்தட்டில் வைக்க வேண்டும். இருக்கையைக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் ஆளை ஒப்படைக்க வேண்டும். டிக்கெட் பார்க்கும் பெண்கள் ஆரம்பத்தில் அவரைத் தடுத்தார்கள். பிறகு அவர்களும் அவர் கொண்டுவரும் வடையைச் சாப்பிட்டுவிட்டார்கள்.

ஒருமுறை கொலோனுக்குப் போன ஓர் அம்மாவை, கழுத்துப்பட்டி கட்டிய ஒரு ஜெர்மன்காரரிடம் 'சே மா சேர், இவ என்ரை சகோதரி' என்று சொல்லி ஒப்படைத்தார். அந்த மனிதர் பயந்துபோய், இறங்கியதும் தன் காரிலேயே அம்மாவைக் கலியாண மண்டபம்வரை கொண்டுபோய் விட்டாராம். பந்தியிலும் உட்கார்ந்தாராம்.

லண்டன் ரயில் மட்டும் அவருக்கு ஆகாது. அதற்கு மாடியில் பாஸ்போர்ட் சோதனை. வழியனுப்ப வந்தவருக்கு உள்ளே இடமில்லை. "ஆளை மேலை வாங்கிக் கண்ணாடிக்கு அங்காலை ஒளிச்சுப்போடுறாங்கள். அது ரயில் இல்லைத் தம்பி, மறியல்வீடு" என்பார்.

ஆம்ஸ்டர்டாமுக்கு ஒருநாள் உலாப் போன மாணவனுக்குக் கண் கலங்கிக் கையசைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"பின்னேரம் வந்திடுவன் அண்ணை!"

"வாறதை வந்தாப் பிறகு பாப்பம். இப்ப போறாய்தானே?"

இத்தனை பேரை ஏற்றிவிட்ட மனிதர் ஒருமுறைகூட உள்ளே மாட்டிக்கொண்டதில்லை. புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே இந்த ரயில்களின் கதவுகள் பூட்டிவிடும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவர் அவர். ஏறினால் அடுத்த நிறுத்தம் பிரசல்ஸ்தான், நடுவில் இறங்க முடியாது என்றும் சொல்லுவார்.

பிரசல்ஸில் அவருடைய ஒரே மகள் மதுரா இருந்தாள். அவள் ஒரு பெல்ஜியக்காரரை நகரமன்றத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, அண்ணை கடையில் கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடி, "அந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டன்" என்று அறிவித்தார். அது ஞாயிற்றுக்கிழமை. கடை நிறையச் சனம். சொன்னதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் அடுத்த மாதமே மறந்திருக்கலாம். இதற்கு லா ஷப்பேல் முழுவதும் சாட்சி.

மகள் தாயைப் பார்க்க மாதமொருமுறை வருவாள். வீட்டில் அப்பாவும் மகளும் அதிகம் பேசுவதில்லை. பேச்செல்லாம் ரயிலுக்குள்தான். அவள் 'ஓம், அப்பா' என்பதைக்கூடப் பிரெஞ்சில்தான் சொல்லுவாள்.

"கதவடியிலை இருக்காதை, குளிரும்."

"உய், பாப்பா."

"போனவுடனை அம்மாவுக்கு ரெலிபோன் எடு."

"உய், பாப்பா. இறங்குங்கோ."

நான் சொல்லவருவது அவள் ஏழு மாதக் கர்ப்பிணியாக வந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. இனிப் பயணம் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பிள்ளை பிறந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வர முடியாது. "நான் போகத்தான் போறன். நீங்கள் உங்கடை வாசற்படியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ" என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டதாகக் கடையில் பேச்சு.

மறுநாள் எனக்குப் பிரசல்ஸில் ஒரு கூட்டம் இருந்தது. அதனால் அன்றே புறப்பட்டேன். தற்செயலாக நான் இருந்ததும் அவர்களுடைய ரயில்பெட்டிதான். அண்ணை பெரிய சூட்கேஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அதில் பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் சரக்குத்தூள் இருந்திருக்க வேண்டும். மிளகும் மஞ்சளும் மணந்தது. அதை மேல்தட்டில் வைத்தார். திருப்தியில்லை. இறக்கினார். பக்கம் மாற்றி மறுபடி வைத்தார்.

"அண்ணை, கதவு பூட்டப் போகுது" என்றேன்.

"ஓம் ஓம். எனக்குச் சொல்லித் தாறியோ?"

மூன்றாவது தடவையும் இறக்கினார்.

செய்தி எழுதிப் பழகியவனுக்கு நடந்தவற்றின் வரிசை முக்கியம். ஆகவே கேட்டபடியே எழுதுகிறேன். முதலில் கேட்டது, "ஐயோ, பூட்டிட்டாங்கள்!" என்ற அண்ணையின் குரல். கதவு பூட்டும் ஒலி அதற்குப் பிறகுதான் வந்தது.

மதுரா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று பக்கவாட்டில் தெரியவில்லை.

வேகமெடுத்ததும் அண்ணை கடைக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டார்.

"எங்கை அண்ணை நிக்கிறியள்? வாழைக்காய் வந்து கிடக்கு!" என்றார் முதலாளி.

"நான் நிக்கேல்லை. முந்நூறிலை போய்க்கொண்டிருக்கிறன். நான் விரும்பி ஏறேல்லை, ரயில்தான் கொண்டுபோகுது. கடையிலை நிக்கிற எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ."



"ஓம் அண்ணை, சொல்லுறன். பாவம், நீங்கள் என்ன செய்வியள்?"

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் டிக்கெட் பரிசோதகர் வந்தார். கனிவான பெண். மதுரா பிரெஞ்சில் விளக்கியதைக் கேட்டு அவருக்கு அண்ணைமீது இரக்கம் வந்துவிட்டது. அபராதம் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். பிரசல்ஸில் பக்கத்துப் பிளாட்ஃபோமிலிருந்தே பாரிஸுக்கு அடுத்த ரயில் இருக்கிறது, தானே கூட்டிப்போய் அதில் ஏற்றிவிடுவதாக வாக்கும் கொடுத்தார்.

"உடனையோ?" என்றார் அண்ணை.

அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. எத்தனையோ பேரை ரயிலேற்றியவரை இப்போது ஒரு பெண் அன்பாக ஏற்றிவிடப் போகிறார். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வெளியே சமவெளி ஓடிக்கொண்டிருந்தது. எங்கே ஒரு நாடு முடிந்து மற்றது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் முழங்கால்மேல் கைகளை வைத்து, வைத்தியரிடம் வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

பிரசல்ஸ் நெருங்கியதும் மதுரா அவர் பக்கம் திரும்பினாள். பிரெஞ்சில் பேசவில்லை.

"அப்பா, பெட்டி பாரம். என்னாலை தூக்க ஏலாது."

அண்ணை எழுந்தேவிட்டார். "அதுதானே! தூக்கக் கூடாதெண்டல்லோ வைத்தியர் சொன்னவர்? நான் கொண்டந்து தாறன். பிள்ளை, அந்த டிக்கெட் மதாமுக்கு நன்றி எண்டு சொல்லு. இப்ப ஏலாதெண்டு சொல்லு."

ரயில் நின்றது. பிளாட்ஃபோமில் நெட்டையாக, கம்பளித் தொப்பியோடு மருமகன் காத்திருந்தார். அவர் வருவார் என்பதை அப்பாவும் மகளும் மறந்துவிட்டார்கள். ஓடிவந்தவர் மாமனாரைக் கண்டு திகைத்தார். பிறகு மரியாதையாகச் சூட்கேஸை வாங்கக் கை நீட்டினார்.

அண்ணை கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மதுரா கணவனிடம் அவர்கள் மொழியில் ஏதோ நாலு சொல் சொன்னாள். மருமகன் நீட்டிய இரண்டு கைகளையும் மெதுவாக எடுத்துத் தன் கோட்டுப் பைகளுக்குள் வைத்துக்கொண்டார். அப்படியே வழிகாட்டுவதுபோல முன்னே நடந்தார். நல்ல பிள்ளை என்று எனக்குத் தோன்றியது.

அண்ணை சூட்கேஸை உருட்டவில்லை. சக்கரம் இருந்தும் தூக்கிக்கொண்டுதான் போனார். மகள் அவருடைய மற்றக் கையைப் பிடித்திருந்தாள்.

எனக்கு வெளியே போகும் வழி எதிர்ப்பக்கம். ஆனாலும் அவர்கள் கூட்டத்தில் மறையும்வரை அங்கேயே நின்றேன். அவரை வழியனுப்ப அன்று வேறு யாரும் வந்திருக்கவில்லை.